பெயரை மாத்தினா கதை நிக்குமா?

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கிற அறிவுரை: "அடுத்தவன் உருவாக்கின ஆளுங்களை வெச்சு எத்தனை நாள் எழுதுவே? சொந்தமா எழுது." கூடவே ஒரு சோதனையும் சொல்வார்கள். பாத்திரங்களின் பெயரை மாற்றிவிட்டுப் படித்துப் பார். அப்பவும் நின்னா அது கதை, விழுந்தா வெறும் ஒட்டுண்ணி.

இந்தச் சோதனையை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதன் முடிவைத்தான் எல்லோரும் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோதனையில் பிரமாதமாகத் தேறிய கதை எது? 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'. ஈ.எல். ஜேம்ஸ் அதை முதலில் 'ட்வைலைட்' நாவலின் ரசிகர் கதையாகத்தான் இணையத்தில் எழுதினார். பிறகு எட்வர்டை கிறிஸ்டியன் என்றும், பெல்லாவை அனஸ்டேஷியா என்றும் மாற்றி 2011-ல் புத்தகமாக்கினார். கோடிக்கணக்கில் விற்றது. இதிலிருந்து என்ன தெரிகிறது? 'ட்வைலைட்' அந்தக் கதைக்குத் தேவையே இல்லை. முதல் கூட்டத்தை உள்ளே இழுத்துவர அந்தப் பெயர்கள் உதவின, அவ்வளவுதான். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். இம்போர்ட் பண்ண லைப்ரரியைத் தூக்கிட்டும் கோட் ஓடுதுன்னா, அந்த லைப்ரரியை நீங்க பயன்படுத்தவே இல்லைன்னு அர்த்தம்.

இப்போது எதிர்ப்பக்கம். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. கல்லிலிருந்து மீண்ட அகலிகை, வனவாசம் முடிந்து வந்த சீதையைச் சந்திக்கிறாள். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவளுக்குள் ஏதோ உடைகிறது. கடைசியில் மறுபடி கல்லாகிறாள். இதில் அகலிகைக்கும் ராமனுக்கும் வேறு பெயர் வைத்துப் பாருங்கள். கதை அங்கேயே செத்துப்போகும். தன்னை மீட்டவன் அவன் என்பது வாசகனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழைய நம்பிக்கை மேலேதான் அடி விழுகிறது. சோதனைப்படி இது 'ஃபெயில்'. ஆனால் தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளில் ஒன்று.

"இதிகாசத்தை மறுபடி சொல்றது காலங்காலமா நடக்கிறது, அதைப் போய் ஃபேன் ஃபிக்‌ஷனோட சேர்க்கலாமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ராமாயணம் ஒரு தனி ஆசாமியின் சொத்து இல்லை. ஆனால் கதை வேலை செய்கிற விதம் ஒன்றுதான். வாசகர் மனதில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து, அதோடு ஒரு வழக்காடுவது.

சொந்தக் கதையில் அந்த வசதி கிடையாது. வாசகரிடம் கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. முன்பின் தெரியாத ஒருவனைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? இரண்டு வேலையையும் செய்தவர் ஆண்டி வெயர், நம்மைப் போல புரோகிராமராக இருந்தவர். 'தி மார்ஷியன்' நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். மார்க் வாட்னியை யாருக்கும் தெரியாது. அதனால் முதல் பக்கத்திலேயே அவனைச் செவ்வாயில் தனியாக விட்டுவிட்டார். அப்புறம் நாம் கவலைப்படாமல் என்ன செய்வது? இதே வெயர், 'ரெடி பிளேயர் ஒன்' வில்லனின் பழைய வாழ்க்கையை 'லாசெரோ' என்று ஒரு ரசிகர் கதையாக எழுதினார். அவன் பின்னால் என்ன ஆகப்போகிறான் என்பது நமக்குத் தெரியும், அதுதான் அங்கே சுவாரசியம். மூல ஆசிரியர் எர்னஸ்ட் கிளைனே அதைத் தன் நாவலின் பின்வந்த பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

ஆக, ஒன்று பயிற்சி, இன்னொன்று பரீட்சை என்பதெல்லாம் கிடையாது. இரண்டும் வெவ்வேறு வேலை. ஆபீஸ் முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். தப்பான வேலையில் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் நேரம் போய்விடும், பொழுதுபோக்கும் கசந்துபோகும்.

ஓர் உதாரணம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லவில்லை. அந்த ராத்திரியை நந்தினியின் கண் வழியாக எழுத உங்களுக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றிப் பாருங்கள். 'ஓர் அரண்மனை, ஒரு பெண், ஒரு கொலை' என்று வெளிறிப்போனால், அது கல்கியோடு நீங்கள் போடுகிற வாதம். தயங்காமல் ரசிகர் கதையாகவே எழுதுங்கள், யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் போன பிறகும் அந்தப் பெண் உங்களோடு பேசிக்கொண்டே இருந்தால், அவள் நந்தினியே இல்லை. அவளுக்கு வேறு பெயர் வைத்து, வேறு ஊரில் குடிவைத்து, முதல் வரியிலிருந்து ஆரம்பியுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இரவல் பெயரில் அவளை ஒளித்து வைத்தால், உங்களுடைய பாத்திரம் யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.