எண்ணப்படாதவர்களின் நகரம்: லாகோஸ் குறித்துச் சில குறிப்புகள்

1

நைஜீரியாவில் 2006ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. லாகோஸ் மாநிலத்தில் 90 லட்சத்துச் சொச்சம் பேர் என்று மைய அரசு அறிவித்தது. மாநில அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நாங்களே எண்ணிப் பார்த்தோம், 1 கோடியே 75 லட்சம் பேர் என்றது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே ஊர், ஒரே வருஷம், இரண்டு எண்கள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரு நகரத்தில் ஆளை எதற்காக எண்ணுகிறார்கள், எப்போது எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. திட்டமிடல், நிர்வாகச் சீர்திருத்தம் என்ற பேரில் அங்கே நடந்தவற்றை இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சண்டைக்குக் காரணம் காசு. எண்ணெய் வருமானத்தை மைய அரசு பங்கிடும்போது தலைக்கணக்கையும் உள்ளாட்சிகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறது. வடக்கே உள்ள கானோ மாநிலத்துக்கு 44 உள்ளாட்சிகள்; லாகோஸுக்கு 20. ராணுவ ஆட்சிகள் கிழித்த கோடுகள் 1999 அரசியல் சட்டத்தில் அப்படியே ஏறிவிட்டன. 2003இல் ஆளுநர் போலா டினுபு புதிதாக 37 உள்ளாட்சிகளை உருவாக்கினார். (அங்கே ஆளுநர் என்பவர் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி.) ஜனாதிபதி ஒபசாஞ்சோ 2004இல் லாகோஸ் உள்ளாட்சிகளுக்கான பணத்தையே நிறுத்திவிட்டார். நிறுத்த அவருக்கு அதிகாரமில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் முழுதாக வந்துசேர்ந்ததென்னவோ 2007இல் அவர் பதவியை விட்டுப் போன பிறகுதான்.

மேலேயிருந்து காசு வராது என்று ஆனதும் லாகோஸ் தன் சனங்களிடம் வரி வாங்கக் கற்றுக்கொண்டது. 1999இல் மாதம் சுமார் 60 கோடி நைராவாக இருந்த சொந்த வருவாய், அடுத்த ஆளுநர் ஃபஷோலாவின் காலம் முடிந்த 2015 வாக்கில் மாதம் 2,000 கோடியைத் தாண்டியது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய மாற்றம். 2002இல் உலக வங்கி ஆதரவோடு போக்குவரத்து ஆணையம் வந்தது. 2008இல் மைல் 12 சந்தையிலிருந்து லாகோஸ் தீவு வரை 22 கிலோமீட்டருக்குத் தனித் தடத்தில் பேருந்துகள் ஓடின. இதையெல்லாம் 'ஏகாதிபத்தியச் சதி' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட நான் தயாரில்லை. வரி கட்டுகிறவன் 'எங்கடா ரோடு?' என்று கேட்கிறான். அரசு பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. எண்ணெய்ப் பணத்தில் மட்டும் வாழும் அரசுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஆனா, கேள்வி கேட்க யாருக்கெல்லாம் ரசீது இருக்கிறது? மஞ்சள் டான்ஃபோ வேன் ஓட்டுகிறவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'அக்பெரோ' என்கிற வசூல்காரர்களுக்கு அழவேண்டும். சந்தையில் உட்காரும் பெண் சங்கத்துக்குத் தர வேண்டும், சுத்தம் பார்க்க வருகிறவருக்குத் தர வேண்டும், விரட்ட வருகிறவருக்கும் தர வேண்டும். தன் வரும்படியில் இவர்கள் கொடுக்கிற பங்கு குறைச்சலாக இருக்காது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. அதனால் வரி செலுத்தும் குடிமக்கள் என்ற சொல்லாடலுக்குள் இவர்கள் நுழையவே முடிவதில்லை.

2

லாகோஸில் திட்டம் என்ற சொல்லுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அது நோயில் தொடங்குகிறது. 1924இல் பிளேக் வந்தது. 1928இல் காலனி அரசு ஒரு மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. வெள்ளையர் வாழ்ந்த இகோயி விசாலமாக இருக்க, நெரிசலான லாகோஸ் தீவின் உள்நாட்டுக் குடியிருப்புகள் நோயின் இருப்பிடமாக வாசிக்கப்பட்டன. நோய் போன பிறகும் அந்த வாசிப்பு போகவில்லை. 1955இல், விடுதலைக்கு ஐந்தே ஆண்டுகள் இருக்கும்போது, தீவின் மையத்தைச் 'சேரி' என்று சொல்லி இடிக்கத் தொடங்கினார்கள். இம்முறை முன்னால் நின்றவர்கள் கறுப்பு அமைச்சர்கள். வரப்போகும் சுதந்திர நாட்டின் தலைநகரம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? சனங்களை சுருலேரேவுக்கு அனுப்பினார்கள். யொரூபா மொழியில் அந்தப் பெயருக்குப் பொறுமைக்குப் பலன் உண்டு என்று பொருள். பீட்டர் மாரிஸ் அங்கே போய்ப் பேசி 1961இல் எழுதிய நூல் இன்றும் படிக்கத்தக்கது. வீடு புதுசு. ஆனால் தீவில் வாசலிலேயே நடந்த பெண்களின் வியாபாரம் போயிற்று. நினைத்தபோது போய்ப் பார்த்த சொந்தபந்தம் பஸ் காசு செலவழித்துப் பார்க்கிற சொந்தபந்தமாயிற்று. திட்ட வரைபடத்தில் வீடுகளுக்குக் கட்டம் இருந்தது, உறவுகளுக்கு இல்லை.

1978இல் ராணுவ அரசு நிலப் பயன்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது. மாநிலத்தின் நிலம் முழுவதும் ஆளுநர் வசம் போயிற்று. அவர் தரும் குடியிருப்பு உரிமைச் சான்றுதான் பத்திரம். நிலத்தைக் கைமாற்றவும் அவர் ஒப்புதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவும் காலமும் ஏழைக்குக் கட்டுப்படியாகாது. ஆக, சட்டப்படி வாழ ஒரே ஒரு கதவு. அதன் சாவி அரசு அலுவலகத்தில். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்குச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று பெயர். சட்டவிரோதம் அந்தச் சனங்களின் குணமாகப் பேசப்படுகிறது. அதை உற்பத்தி செய்தது சட்டம்.

1990 ஜூலையில் ராணுவ ஆளுநர் ராஜி ரசாக்கி மரோகோவைக் காலி செய்ய 7 நாள் கெடு கொடுத்தார். அங்கே 3 லட்சம் பேர் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இடம் தாழ்வு, வெள்ளம் வரும், சுகாதாரமில்லை என்பவை காரணங்கள். வீட்டு உரிமையாளர்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட சிறு பகுதியினருக்கு இலாசன், இகோட்டாவில் வேலை முடியாத வீடுகளைக் கொடுத்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பிறகு அந்த நிலம் பணக்காரர் குடியிருப்பாயிற்று. கிறிஸ் அபானியின் 'கிரேஸ்லேண்ட்' (2004) நாவலில் மரோகோவின் சகதியும் பாட்டும் இருக்கின்றன. நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் இல்லாத ஒரு ஊருக்கு நாவல் ஆவணமாகிறது.

இதற்கு அடுத்த அத்தியாயம் எக்கோ அட்லாண்டிக். விக்டோரியா தீவையொட்டிக் கடலிலேயே மணலைக் கொட்டி, பெரும் கற்சுவர் எழுப்பி, தனியார் கட்டும் நகரம். 10 சதுர கிலோமீட்டர். 2,50,000 பேர் குடியிருப்பார்கள் என்று முன்கூட்டியே எண்ணிவிட்டார்கள். தாழ்வான இடமென்று மரோகோவை அழித்த ஊரில் கடலுக்குள்ளேயே நகரம் கட்டலாம். இனிமேல் வரப்போகிறவர்களுக்கு எண்ணிக்கை உண்டு. அங்கேயே வாழ்ந்தவர்களுக்குக் கெடு மட்டும்தான்.

3

இடிப்பவர்களைத் திட்டுவது சுலபம். கொண்டாடுகிறவர்களையும் பார்க்க வேண்டும். இங்கே என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒழுங்கின்மை, விளிம்பு, சிதறல் என்ற சொற்களின் மேல் காதலாகத் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் ஹார்வர்டு மாணவர்களோடு லாகோஸுக்குப் போனார். ஆய்வின் முடிவுகள் 2000இல் வெளியான 'மியூட்டேஷன்ஸ்' தொகுப்பில் வந்தன. லாகோஸ் பின்தங்கிய நகரமில்லை, மேற்கத்திய நகரங்கள் நாளை போய்ச்சேரப்போகும் இடம் என்றார். போக்குவரத்து நெரிசலே சந்தையாகிறது, பாலத்தின் அடியே தொழிற்கூடமாகிறது, யாரும் திட்டமிடாமலே எல்லாம் இயங்குகிறது என்றார். ஆப்பிரிக்க நகரம் என்றாலே இல்லாமைகளின் பட்டியல் போடும் பழக்கத்தை இது உடைத்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பார்வையில் ஹெலிகாப்டருக்குப் பெரிய பங்குண்டு. நெரிசல் மேலேயிருந்து பார்த்தால்தான் கோலமாகத் தெரியும். பாலத்தடியில் பட்டறை போட்டவருக்கு வேறு இடம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு 1978 ஆணை இருக்கிறது, ராணுவ ஆட்சி இருக்கிறது, எண்பதுகளின் கட்டமைப்புச் சீரமைப்பும் மானிய வெட்டும் இருக்கின்றன. மாத்யூ கேண்டி 2005இல் எழுதிய விமர்சனம் இந்த இடத்தைத்தான் பிடித்தது: அரசியல் வரலாற்றைக் கழித்துவிட்டால் வறுமை அழகியலாகிவிடும். லாகோஸுக்குப் போகாமல் புத்தகத்தில் மட்டுமே அதைப் பார்த்த எனக்கும் ஹெலிகாப்டர் ஆசை உண்டு என்பதால் இதை எச்சரிக்கையோடு எழுதுகிறேன்.

மகோகோவை எடுத்துக்கொள்வோம். உப்பங்கழி நீரின் மேல் மரக்கால்களில் நிற்கும் ஊர். எகுன் மீனவர்கள் அதிகம். 80,000 பேர் என்பவரும் உண்டு, 2 லட்சத்துக்கு மேல் என்பவரும் உண்டு. 2012 ஜூலையில் 72 மணி நேரக் கெடு கொடுத்துவிட்டு அரசு இடிக்க வந்தது. பெருநகர் என்ற அந்தஸ்துக்கு இந்த ஊர் குறைவு என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. போலீஸ் சுட்டதில் ஊர்த் தலைவர் ஒருவர் செத்தபிறகு இடிப்பு நின்றது. 2013இல் அதே நீரில் குன்லே அடியெமி வடிவமைத்த மிதக்கும் பள்ளி எழுந்தது. உலகம் முழுக்கப் படம் வந்தது. 2016 மே மாதம் வெனிஸில் அதன் மறுபிரதிக்கு வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. ஜூன் மாத மழையில் மகோகோவிலிருந்த அசல் சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை. முயற்சி செய்தவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பள்ளிக்கூடம் கட்டுவதும் பராமரிப்பதும் அரசின் கடமை என்ற பேச்சு அந்த அழகான படத்துக்குள் காணாமல் போனது என்பதே என் புகார். இடிப்பவரும் கொண்டாடுபவரும் எதிரெதிர் என்று நினைத்திருந்தேன். இருவரும் அங்கே எத்தனை பேர் என்று கேட்காதவர்கள்.

4

எண்ணப்படுவதைக் கேட்டுவாங்கவா சொல்கிறாய், கணக்கெடுப்பே அதிகாரத்தின் கருவியாயிற்றே என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூக்கோவைப் படித்தபிறகு பதிவேட்டைக் கண்டால் நமக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் லாகோஸ் ஒன்றைக் காட்டுகிறது. எண்ணப்படாதவர் அதிகாரத்துக்கு வெளியே இல்லை; அக்பெரோவின் கை அவரைத் தொடுகிறது, புல்டோசர் தொடுகிறது. அவர் வெளியே நிற்பது சட்டப் பாதுகாப்புக்கு மட்டும்தான்.

2016 அக்டோபரில் ஆளுநர் அம்போடே நீர்க்கரைக் குடிசைகள் அனைத்தும் அகற்றப்படும் என்றார். ஆள்கடத்தல்காரர்கள் ஒளிகிறார்கள் என்பது காரணம். நீர்க்கரைச் சனங்கள் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். இடிக்கக் கூடாதென்ற தடை கையில் இருக்கும்போதே நவம்பரில் லெக்கி பக்கமிருந்த ஒட்டோடோ பாமே என்ற மீனவ ஊரில் தீயும் புல்டோசரும் புகுந்தன. 2017 மார்ச்சிலும் ஏப்ரலிலும் திரும்ப வந்தார்கள். ஏப்ரலில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். சுமார் 30,000 பேர் வீடிழந்தார்கள். ஜூன் மாதம் லாகோஸ் உயர் நீதிமன்றம், மாற்று ஏற்பாடில்லாமல் இப்படி வெளியேற்றுவது மனித கண்ணியத்துக்கான அரசியல் சட்ட உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. சனங்களோடு பேசி மறுகுடியமர்த்தச் சொன்னது. தீர்ப்பு வந்தபோது ஊர் இல்லை. 2020 ஜனவரியில் தார்க்வா பே கரையிலிருந்தவர்களைக் கடற்படை வந்து கிளப்பியது.

அப்படியானால் தீர்ப்பால் என்ன பயன்? ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 30,000 என்ற எண் அரசு எண்ணியது இல்லை. அங்கே வாழ்ந்தவர்களும் அவர்களோடு நின்ற அமைப்புகளும் சொன்னது. நைஜீரியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு ஊர் ஊராகச் சென்று விவரம் சேகரிக்கிறது. 2019இல் மகோகோவின் பெண்கள் டிரோன் பறக்கவிடக் கற்றுக்கொண்டு, வரைபடத்தில் வெறும் நீராகக் கிடந்த தங்கள் ஊரின் கால்வாய்களையும் வீடுகளையும் குறித்தார்கள். மேலேயிருந்து பார்ப்பதுதான் இதுவும். பார்க்கிறவர் திரும்பிப் போகிற வீடு அந்தப் படத்திலேயே இருக்கிறது என்பது வித்தியாசம்.

வரைபடம் மட்டும் புல்டோசரை நிறுத்தாது. அதைக் கண்டுதான் இடிக்க வருவார்கள் என்ற ஆபத்தும் உண்டு. இருந்தாலும் 'இங்கே யாருமில்லை' என்று சொல்லிவிட்டு இடிக்க முடியாது. இத்தனை பேர், இத்தனை பிள்ளைகள் என்று தெரிந்தே இடிக்க வேண்டியிருக்கும். நிர்வாகச் சீர்திருத்தம் பேசுகிறவர்களிடம் கேட்க என்னிடம் இருப்பது ஒரே கேள்வி. தலைக்கு இவ்வளவு என்று அபுஜாவிடம் பங்கு கேட்டபோது எண்ணிய அந்த 1 கோடியே 75 லட்சத்தில் மகோகோவும் ஒட்டோடோ பாமேவும் இருந்தனவா? இருந்தன என்றால், கெடு நோட்டீஸ் எழுதும்போது அந்தத் தலைகளெல்லாம் எங்கே போயின?