புனைவுச் சமயமும் மறுப்புரையும்: ஆக்டேவியா பட்லரின் ‘புவிவித்து’

முன்னுரை

அறிவியல் புனைகதைகளில் புதிய கோள்களும் கருவிகளும் படைக்கப்படுவதுபோலவே புதிய சமயங்களும் படைக்கப்படுகின்றன. அவற்றுள் சில, நம்பாதவர் நம்புவோருக்காகச் செய்து தந்தவை. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) நாவலில் பெனெ கெஸரிட் என்னும் மகளிர் அமைப்பு, தன் உறுப்பினர்க்குப் பின்னாளில் பாதுகாப்பாக அமையும்பொருட்டுப் பல உலகங்களில் தொன்மக் கதைகளை முன்கூட்டியே பரப்பி வைக்கிறது. கர்ட் வானெகட்டின் ‘கேட்ஸ் கிரேடில்’ (1963) நாவலில் வரும் பொக்கோனான் சமயம் தன் போதனைகள் பொய் என்பதைத் தானே அறிவித்துக்கொள்கிறது. இவ்விரண்டிலும் படைத்தவர் பொய்யை அறிந்தே படைக்கின்றனர்.

ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளரான ஆக்டேவியா பட்லர் (1947-2006) படைத்த ‘எர்த்சீட்’ இவற்றினின்று வேறுபட்டது. ‘புவிவித்து’ எனத் தமிழில் குறிக்கத்தக்க இச்சமயம், ‘விதைப்பவன் உவமை’ (1993), ‘தாலந்துகளின் உவமை’ (1998) ஆகிய இரு நாவல்களில் வளர்கிறது. இதன் நிறுவுநர் தாம் எதையும் புனையவில்லை, உள்ளதைக் கண்டறிந்ததாகவே கூறுகிறார். இச்சமயத்தின் மீதான ஆழமான மறுப்பு பகைவரைக் காட்டிலும் நிறுவுநரின் குடும்பத்தாரிடமிருந்தே எழுகிறது என்பதையும், நாவல்களின் வடிவமே அம்மறுப்புக்கு இடமளிக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மூலநூலின் தனியாட்சி

முதல் நாவல் 2024 ஜூலையில், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மதில் சூழ்ந்த குடியிருப்பொன்றில் தொடங்குகிறது. பாப்டிஸ்ட் போதகரின் மகளான பதினைந்து வயது லாரன் ஓயா ஒலமினா தந்தையின் கடவுளிடமிருந்து விலகி, மாற்றத்தையே கடவுளாகக் காண்கிறாள். இக்கடவுள் அன்பு செய்வதில்லை, தண்டிப்பதுமில்லை. மனிதர் அதனால் வடிவம் பெறுகின்றனர். அதற்கு வடிவம் தரவும் இயலும். மனித இனம் விண்மீன்களிடையே வேரூன்றுவதே இச்சமயத்தின் இறுதி இலக்கு. எகிப்திய, திபெத்திய மரபுகளின் ‘இறந்தோர் நூல்’ என்பதற்கு எதிராகத் தன் செய்யுள் தொகுப்புக்கு ‘வாழ்வோரின் நூல்கள்’ என்று அவள் பெயரிடுகிறாள்.

லாரன், பிறர் படும் வலியைக் கண்ட அளவில் தானும் அவ்வலியை உணரும் பிறவிக் குறை உடையவள். எல்லார் வலியையும் உணரும் ஒருத்தி, எவர் வலியையும் உணராத கடவுளை அறிவிப்பது இச்சமயத்தின் உள்முரண். பரிவு முழுவதையும் கடவுளிடமிருந்து எடுத்து மனிதரிடம் ஒப்படைக்கும் துணிவு இதில் உள்ளது. ஆறுதல் வேண்டி நிற்பவனுக்கு இத்துணிவு போதுமா என்ற வினாவும் உடன் எழுகிறது.

முதல் நாவலில் ஒவ்வொரு இயலும் இச்செய்யுள்களோடு தொடங்க, லாரனின் நாட்குறிப்பு அதனைத் தொடர்கிறது. மூலமும் அவளுடையது, அதற்கு உரையாக அமையும் வாழ்க்கையும் அவளே எழுதியது. 2027இல் குடியிருப்பு எரிக்கப்பட்டபின் வடக்கு நோக்கிய நெடும்பயணத்தில் உடன் வருவோர் வினாக்கள் எழுப்பினாலும், அவையும் அவளது எழுத்தின் வழியாகவே வாசகரை அடைகின்றன.

கணவரின் ஐயம்

அவ்வினாக்களுள் முதன்மையானது, பின்னர் அவள் கணவராகும் மருத்துவர் பாங்கோல் எழுப்புவது. இச்சமயம் மிக எளிமையாக உள்ளது. ஏற்போர் இதனைச் சிக்கலாக்கி, மறைபொருள் ஏற்றி, ஆறுதல் தருவதாக மாற்றிவிடுவர் என்கிறார் அவர். தான் உள்ளவரை அவ்வாறு நிகழாது என்பது லாரனின் விடை. மாற்றத்தைக் கடவுளாகக் கொண்டவள், தன் சமயம் மாறுவதை மட்டும் தடுக்க முனைகிறாள். தன் கொள்கைக்கு முதல் விலக்கைக் கோருபவள் அதனை வகுத்தவளே.

மகளின் மறுப்புரை

இரண்டாம் நாவலில் கிறித்தவ அமெரிக்கா என்னும் அமைப்பைச் சேர்ந்தோர் லாரன் நிறுவிய ஏகார்ன் குடியேற்றத்தைக் கைப்பற்றி, அதனைச் சிறைமுகாமாக்குகின்றனர்; குழந்தைகள் பிரிக்கப்படுகின்றனர். லாரனின் கைக்குழந்தை லார்க்கின், ஆஷா வியர் என்ற பெயரில் வேறொரு குடும்பத்தில் வளர்கிறாள். புறத்திலிருந்து வந்த இவ்வன்முறை புவிவித்தை அழிக்கவில்லை. கொடுமை செய்தோரை வாசகர் எளிதில் மறுத்துவிடுவதால், அவர்களது எதிர்ப்பு சமயத்தின் உண்மையைச் சோதிப்பதுமில்லை.

சோதிப்பவள் மகளே. தாயின் நாட்குறிப்புகளைத் தொகுத்து, அவற்றினிடையே தன் கருத்துரைகளை வைப்பவள் அவள். எனவே செய்யுளுக்கும் நாட்குறிப்புக்கும் நடுவே, நம்பிக்கையற்ற உரையாசிரியர் ஒருவர் வந்து அமர்கிறார். தாயின் முதற் குழந்தை புவிவித்தே என்பது அவளது குற்றச்சாட்டு. தாயைப் பின்பற்றுவோர் அவரையே கடவுளாக்கிவிடுவர் என்று நூலின் தொடக்கத்திலேயே அவள் கூறுகிறாள். பாங்கோலின் ஐயமும் மகளின் கூற்றும் இங்கே ஒன்றுபடுகின்றன: அன்பு செய்யாத கடவுளிடம் ஆறுதல் பெறாத மக்கள், அதனை நிறுவுநரிடம் தேடிக்கொள்வர்.

2090இல் விண்கலத்திற்குப் பயணிகள் புறப்படுகின்றனர். சமயத்தின் இலக்கு நிறைவேறுகிறது. ஆனால் அக்கலத்திற்கு கிறிஸ்டபர் கொலம்பஸின் பெயர் சூட்டப்பட்டிருப்பதை முதிய லாரன் விரும்பவில்லை. பேரரசையும் கொள்ளையையும் நினைவூட்டும் அப்பெயரை அவரால் தடுக்க இயலவில்லை. அவர் வாழ்நாளிலேயே சமயம் அவர் கையை விட்டு நகர்ந்துவிட்டது.

இறுதிச் சொல் எவருடையது

இரு நாவல்களின் தலைப்புகளும் விவிலிய உவமைகளிலிருந்து பெறப்பட்டவை. முதல் நாவல் லூக்கா நற்செய்தியின் விதைப்பவன் உவமையோடும், இரண்டாவது மத்தேயு நற்செய்தியின் தாலந்து உவமையோடும் முடிகின்றன. இயல்தோறும் முன்னின்ற ‘வாழ்வோரின் நூல்கள்’ இறுதிப் பக்கத்தில் தந்தையின் வேதத்திற்கு இடம் விடுகின்றன. புதிய சமயம் தான் துறந்த சமயத்தின் மண்ணிலேயே முளைத்தது என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது. மேலும், தாலந்தைப் புதைத்தவனைக் கண்டிக்கும் உவமை, தாயின் வாழ்வோடு பொருந்தும்போது இருமுனை கொள்கிறது: தன் தாலந்தைப் பெருக்கியவர் தன் மகளை இழந்தார்.

முடிவுரை

‘விதைப்பவன் உவமை’ வெளிவந்து 27 ஆண்டுகள் கழித்து, 2020இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. காலநிலைச் சீர்கேட்டையும் சமூகச் சிதைவையும் முன்னுணர்ந்த நாவலாகவே இது பெரிதும் போற்றப்படுகிறது. புவிவித்தை வாழ்நெறியாகக் கொள்ள முயன்ற சிறு குழுக்களும் நாவலுக்கு வெளியே தோன்றியுள்ளன. செய்யுள்களை மட்டும் பிரித்தெடுத்துப் பயிலும் வாசிப்பு, பாங்கோல் அஞ்சிய மாற்றத்தையே நிகழ்த்துகிறது. பட்லர் எழுதியது மூலம் மட்டுமன்று. மறுப்புரையோடு கூடிய மூலம். மகளின் குரலை நீக்கினால் எஞ்சுவது அறவுரைத் தொகுப்பு. அக்குரலோடு சேர்த்துப் படிக்கும்போதே, ஒரு சமயம் பிறப்பதற்கு எவர் விலை கொடுக்கின்றனர் என்ற வினாவை நாவல் வாசகர் முன் வைக்கிறது.