மறைக்கப்பட்ட கண்ணி: திருத்தப்பட்ட உருவங்களும் ஒரு குறும்படமும்

ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் டொராண்டோ கிளை, 2006ஆம் ஆண்டு அக்டோபரில் 'எவல்யூஷன்' என்னும் குறும்படம் ஒன்றை உருவாக்கி வெளியிட்டது. 'டவ்' சோப்பின் உரிமையாளரான யூனிலீவர் நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட படம் அது. ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் அப்படத்தில் உரையாடல் இல்லை. ஓர் இளம்பெண் எளிய தோற்றத்துடன் வந்து விளக்கொளியின் முன் அமர்கிறாள். பல கைகள் அவள் முகத்தில் வண்ணம் பூசுகின்றன, கூந்தலை அலங்கரிக்கின்றன, நிழற்படம் எடுக்கப்படுகிறது. பின்னர் அவ்வுருவம் கணினித் திரைக்குச் செல்கிறது. அங்கே கழுத்து நீட்டப்படுகிறது, கண்கள் பெரிதாக்கப்படுகின்றன, முகத்தின் அகலம் குறைக்கப்படுகிறது. இறுதியில் அது சாலையோர விளம்பரப் பலகையில் ஏறிவிடுகிறது. அப்பலகையைக் கடந்து இரு சிறுமியர் நடந்து செல்கின்றனர். நமது அழகுணர்வு திரிந்து கிடப்பதில் வியப்பில்லை என்னும் கருத்தமைந்த வாசகத்துடன் படம் நிறைவுறுகிறது.

2007இல் பிரான்சின் கான் நகரில் நடைபெற்ற அனைத்துலக விளம்பர விழாவில் இப்படம் முதற்பெரும் பரிசைப் பெற்றது. பெண்ணுடல் குறித்த ஊடகப் பொய்யை அம்பலப்படுத்திய ஆக்கம் என்று அது பரவலாகப் போற்றப்பட்டது. அப்பாராட்டு எந்த அளவுக்குத் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், நிழற்படத்தைத் திருத்துவதில் உள்ள குற்றம் யாது என்பதை வரையறுத்தல் வேண்டும். ஓவியன் ஒரு முகத்தை அழகுபடுத்தி வரைந்தால் அவனை எவரும் பொய்யன் என்பதில்லை. அது அவன் கற்பனை என்பதைக் காண்போர் அறிவர். நிழற்படத்தின் நிலை வேறு. 'இவ்வாறு ஒருத்தி கருவியின் முன் இருந்தாள்' என்று அது சாட்சி கூறுகிறது. சாட்சி என்னும் தகுதியினால்தான் அதற்கு மதிப்பு. ஆகவே அதனை அழகியலின் அளவுகோலால் அளப்பதைவிட, சாட்சியத்தை ஆராயும் கலையின் அளவுகோலால் அளப்பதே பொருந்தும். அத்தகைய கலை ஒன்றை நம் முன்னோர் நுட்பமாக வளர்த்து வைத்துள்ளனர். அதுவே ஹதீஸ் கலை.

அக்கலையில் 'தத்லீஸ்' என்றொரு குறை பேசப்படுகிறது. இருளைக் குறிக்கும் 'தலஸ்' என்னும் சொல்லோடு தொடர்புடையது இது. ஓர் அறிவிப்பாளர், தாம் சந்தித்த ஆசிரியர் ஒருவரிடமிருந்து நேரில் கேட்காத செய்தியை, நேரில் கேட்டார் போன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவிப்பதே தத்லீஸ். 'ஹத்தஸனா' (எங்களுக்கு அறிவித்தார்) என்று அவர் சொல்வதில்லை. சொன்னால் அது வெளிப்படையான பொய்யாகிவிடும். 'அன்' (இன்னாரிடமிருந்து) என்று மட்டும் சொல்வார். சொல்லில் பொய் இல்லை. ஆனால் இடையிலிருந்த ஒருவர் மறைக்கப்பட்டுவிட்டார். ஷுஅபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (மறைவு ஹி. 160) போன்ற பேரறிஞர்கள் இதனை மிகக் கடுமையாகக் கண்டித்தனர். இத்தகைய அறிவிப்பாளர் நம்பகமானவராயினும், நேரில் கேட்டதாகத் தெளிவுபடக் கூறினாலன்றி அவரது அறிவிப்பை ஆதாரமாகக் கொள்வதில்லை என்பது இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643) உள்ளிட்டோர் எடுத்துரைத்த விதி.

திருத்தப்பட்ட நிழற்படம் இதே இலக்கணத்துக்குள் அடங்குகிறது. பெண் உண்மை, ஒளி உண்மை, கருவியும் உண்மை. கருவிக்கும் காண்பவருக்கும் இடையே அமர்ந்திருந்த ஒரு கை மட்டும் மறைக்கப்படுகிறது. இக்கை கணினியுடன் பிறந்ததன்று. ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, கண்ணாடித் தகட்டிலும் படச்சுருளிலும் பென்சிலால் திருத்தம் செய்தனர். நம் ஊர் ஸ்டூடியோக்களில் 'டச்சப்' என்று பெயர் பெற்றது அதுவே. கணினி செய்ததெல்லாம், முகப்பருவை மறைத்த கையை இடுப்பையும் தாடையையும் மாற்றும் கையாக வளர்த்து, அதனை எல்லோர்க்கும் எளிதாக்கியதுதான்.

மறைக்கப்பட்ட இக்கையை முதலில் காட்டிக்கொடுத்தவர்களுள் படத்தில் இருந்த பெண்களும் உண்டு. 2003இல் பிரித்தானிய 'ஜிக்யூ' இதழின் அட்டையில் தம் உடல் மெலிவாக்கப்பட்டு வெளிவந்தபோது, நடிகை கேட் வின்ஸ்லெட், தாம் அவ்வாறு இருப்பவரல்லர் என்றும், அவ்வாறு இருக்க விரும்புபவரும் அல்லர் என்றும் வெளிப்படையாகக் கூறினார். எவர் பெயரால் செய்தி அறிவிக்கப்பட்டதோ அவரே அதனை மறுத்துரைத்த நிகழ்வு இது.

2011இல் பிரித்தானிய விளம்பரத் தர ஆணையத்தின் முன் வந்த வழக்கு இன்னும் கருதத்தக்கது. லோரியல் குழுமத்தின் லாங்கோம், மேபலின் ஆகிய பெயர்களில் வெளியான இரு முகப்பூச்சு விளம்பரங்களை, அவை மிகைத்திருத்தம் செய்யப்பட்டவை என்னும் முறையீட்டின் பேரில் ஆணையம் தடைசெய்தது. அவற்றுள் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தோன்றிய விளம்பரத்தின் திருத்தப்படாத மூலப்படம் ஆணையத்துக்குக் காட்டப்படவேயில்லை. நடிகையுடன் செய்யப்பட்ட ஒப்பந்தம் அதற்கு இடந்தரவில்லை. அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணியைக் காட்ட மறுத்தால் அறிவிப்பு தள்ளப்படும் என்ற பழைய விதியை, அவ்வாணையம் தன்னையறியாமலேயே பின்பற்றியது எனலாம்.

எனினும் அத்தீர்ப்பு காத்தது யாரை? பூச்சை வாங்குபவரை. இதற்கு ஒப்பானதை நம் ஃபிக்ஹு நூல்களிலும் காண்கிறோம். விற்பனைக்கு முன் சில நாட்கள் ஆட்டின் மடியைக் கறக்காமல் கட்டிவைத்து, பால் மிகுந்த ஆடு போலக் காட்டும் செயலுக்கு 'தஸ்ரியா' என்று பெயர். அவ்வாறு ஏமாற்றப்பட்டு வாங்கியவர் ஆட்டைத் திருப்பித் தரலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி அறிஞர்கள் தீர்வில் வேறுபட்டாலும் செயல் தவறு என்பதில் வேறுபடவில்லை. வாங்கியவருக்கு நீதி உண்டு. ஆனால் எதையும் வாங்காமல் அவ்விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மட்டும் சென்ற சிறுமி எதைத் திருப்பித் தருவாள்? அவள் உள்ளத்தில் தங்கிவிட்ட உருவத்தை ஏற்றுக்கொள்ளும் கடை எங்கே உள்ளது?

இக்கேள்வியை உணர்ந்த சில நாடுகள் வேறு வழியில் முயன்றன. மெலிவாக்கப்பட்ட விளம்பர உருவங்களில் அதனைக் குறிப்பிட வேண்டும் என 2012இல் இஸ்ரேலில் சட்டம் இயற்றப்பட்டது. விளம்பர அழகியரின் உடல்வடிவம் மாற்றப்பட்டிருப்பின் 'திருத்தப்பட்ட நிழற்படம்' என்று பொறிக்க வேண்டும் என்னும் விதி பிரான்சில் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நார்வே 2021இல் அத்தகைய சட்டத்தை இயற்றி, 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. தத்லீஸுக்கு இதைவிட நேரான மருந்து இல்லை என்றே தோன்றும். மறைக்கப்பட்ட கண்ணி வெளிப்பட்டுவிட்டதல்லவா?

ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிகா திக்மன் குழுவினர், 2013இல் வெளியிட்ட ஆய்வில், அறிவிப்புப் பொறித்த நவநாகரிக விளம்பரங்களையும் பொறிக்காதவற்றையும் இளம்பெண்களுக்குக் காட்டினர். அறிவிப்பினால் உடல் குறித்த மனக்குறை குறையவில்லை. இன்ன உறுப்பு திருத்தப்பட்டது என்று விளக்கிய அறிவிப்போ, தம்மைப் பிறரோடு ஒப்பிடும் இயல்பு மிக்க பெண்களிடம் அம்மனக்குறையைக் கூட்டவே செய்தது. பொய் என்று அறிந்தும் உள்ளம் ஏன் வருந்துகிறது என்பதே இங்கு எழும் வினா.

விடையும் ஹதீஸ் கலையின் உள்ளேயே இருப்பதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். தனித்த ஓர் அறிவிப்பை நாம் தொடர் நோக்கி ஆராய்கிறோம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும், பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவுக்குப் பெருந்திரளானோர், தாம் கண்டதும் கேட்டதுமான ஒன்றை அறிவித்தால் அது 'முதவாதிர்' ஆகிறது. அங்கே ஆராய்ச்சிக்கு வேலையில்லை. மக்கா என்றோர் ஊர் இருப்பதை, அங்குச் செல்லாதவரும் ஐயமின்றி அறிவது இவ்வழியில்தான். எண்ணிக்கையே உள்ளத்தில் உறுதியை விளைவிக்கிறது.

திருத்தப்பட்ட உருவங்கள் தரும் தீங்கு இந்த வாயில் வழியாகவே நுழைகிறது. ஓர் இதழின் அட்டை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு தொலைக்காட்சித் திரை, ஒரு துணிக்கடை வாசல் என ஆயிரம் வாய்கள் ஒரே உடலை அறிவிக்கின்றன. அவ்வாய்கள் ஒன்றையொன்று சாராதவை என்று உள்ளம் நம்புகிறது. உண்மையில் அவை யாவும் ஒரே வகைக் கருவியால், ஒரே அளவுகோலுக்கு வெட்டப்பட்டவை. இது போலித் தவாதுர். ஆயிரத்தில் ஒன்றின் மீது 'இது திருத்தப்பட்டது' என்று எழுதினால் அந்த ஒன்று வீழும். எஞ்சிய திரள் எழுப்பிய உறுதி வீழாது.

திரளின் ஆற்றலுக்கு ஃபிஜித் தீவின் நத்ரோகா மாகாணம் ஒரு சான்று. அங்குத் தொலைக்காட்சி 1995இல்தான் வந்தது. பருத்த உடலைச் செழுமையின் அடையாளமாகப் போற்றிய சமூகம் அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் அவ்வாண்டிலும் 1998இலும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்தார். உணவுப் பழக்கக் கோளாற்றைச் சுட்டும் வினாப்பட்டியலில் எல்லை கடந்தோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எடை குறைக்க வலிந்து வாந்தியெடுப்போர் முதல் ஆய்வில் ஒருவருமில்லை. இரண்டாம் ஆய்வில் 11.3 விழுக்காட்டினர். இரு குழுக்களும் சிறியவை; தொலைக்காட்சியும் திருத்தப்பட்ட நிழற்படமும் ஒன்றல்ல. ஆயினும் ஒரே வகை உடல் திரும்பத் திரும்ப அறிவிக்கப்படும்போது, தலைமுறைகள் கட்டிய அழகுணர்வு மூன்றாண்டுகளில் ஆட்டங்காணும் என்பதை இது உணர்த்துகிறது.

இனிக் குறும்படத்துக்குத் திரும்புவோம். ஓர் உருவத்தின் தொடரை, முதற்கண்ணி முதல் இறுதிக்கண்ணி வரை அது ஒளிவின்றிக் காட்டுகிறது. ஆயிரம் சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு நிமிடத்தில் செய்தமை பெரிது. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதன் குறை இரண்டு.

ஒன்று, தனியறிவிப்பின் நோய்க்கு மருந்து கூறிவிட்டுத் திரளின் நோயைத் தொடாமல் விட்டது. படம் கண்டவர் ஒரு பலகையின் பொய்யை அறிந்துகொண்டு எழுகிறார். வெளியே ஆயிரம் பலகைகள் காத்திருக்கின்றன.

மற்றொன்று, படமே ஒரு கண்ணியை மறைக்கிறது. இதனை அறிவிப்பவர் யார்? டவ் என்னும் பெயர் தெரிகிறது. அதன் பின்னுள்ள யூனிலீவரின் இந்தியக் கிளை, 1975 முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் சிவப்பழகுக் களிம்பை விற்றுவந்தது. மகனில்லையே என ஏங்கும் தந்தை, களிம்பால் நிறம் மாறி விமானப் பணிப்பெண்ணாகும் மகள் என்று கதை சொன்ன அதன் விளம்பரம், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பின் 2003இல் நிறுத்தப்பட்டது. களிம்போ நிற்கவில்லை. அதன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது 2020இல்தான். டொராண்டோவில் போலித் தவாதுரைக் கண்டித்த அதே வீடு, நம் தெருக்களில் அத்திரளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. குறும்படம் கூறியதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அறிவிப்பாளரின் முழு வரலாறும் அதில் இல்லை. தத்லீஸைக் கண்டிக்க எழுந்த படத்திலேயே தத்லீஸ் புகுந்துவிட்டது என்பதே நமது முடிவு.

இன்று நிலை இன்னும் சிக்கலாகிவிட்டது. கைபேசியின் வடிப்பான்கள் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அவள் கையாலேயே திருத்தச் செய்கின்றன. மூலத்தைப் பெயர்த்தவளும், அறிவிப்பவளும், அதனால் வருந்துபவளும் ஒருத்தியே. திரளில் அவளும் ஒரு வாய் ஆகிவிடுகிறாள். எனவே, சட்டமும் பொறிப்பும் தேவையே ஆயினும், திரள் உடைய வேண்டுமானால் திருத்தப்படாத முகங்கள் திருத்தப்படாமலேயே மக்கள் கண்ணில் பட வேண்டும். அது நிறுவனங்களால் மட்டும் நிகழ்வதன்று. வீடுகளிலும் நிகழ வேண்டும்.

வீடு என்று எழுதும்போது இக்கட்டுரையாளருக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தியின் படம் திருமணப் பேச்சுக்காக அனுப்பப்பட்டது. ஸ்டூடியோக்காரர், எவரும் கேளாமலேயே, மாநிறமான அவளை வெண்ணிறமாக்கியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தனர். படத்திலிருந்த நிறம் இல்லையே என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது, அடுத்த அறையில் இருந்தவளின் காதில் விழுந்தது. பேச்சு அத்துடன் நின்றது. சில நாட்கள் கழித்து அவள் என்னிடம் கேட்டாள்: "மாமா, நான் அவங்களை ஏமாத்திட்டேனா?"

"இல்லைம்மா" என்றேன். அது சரியான விடைதான், முழுமையான விடையன்று. அந்தப் படம் என் கைவழியாகவே சென்றது. நிறம் மாறியிருந்ததை நான் கண்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று சொல்லி உறையிலிட்டு அனுப்பினேன். தத்லீஸ் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தும்போது, அத்தொடரில் மறைந்து நின்ற கண்ணிகளுள் ஒன்று நானே என்பதை எண்ணிக்கொள்கிறேன்.