நீதிக்கு நிறம் சொன்னவர்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முன்பு நடக்கும் மார்டி கிரா திருவிழாவுக்கு மூன்று நிறங்கள். ஊதா நீதியையும் பச்சை விசுவாசத்தையும் பொன்னிறம் அதிகாரத்தையும் குறிக்கும் என்பது இன்று மரபு. இந்தப் பொருளைச் சொன்னவர்கள் யார்?

1872இல் நகரத்தின் செல்வாக்குமிக்க வெள்ளை ஆண்கள் ‘ரெக்ஸ்’ என்ற விழாக் கழகத்தைத் தொடங்கினார்கள். லத்தீனில் அச்சொல்லுக்கு அரசன் என்று பொருள். நிறங்களைத் தேர்ந்ததும் அவர்கள்தான். பொருளோ 20 ஆண்டுகள் கழித்து, 1892ஆம் ஆண்டு ஊர்வலத்தில்தான் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், அதே நகரில், வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் அமர்ந்ததற்காக ஹோமர் பிளெஸ்ஸி கைது செய்யப்பட்டார். அவரது வழக்கில்தான் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையைச் செல்லுமென்றது. நீதிக்கு ஊதா என்று சொன்ன ஊரில், ஒருவருக்குக் கிடைக்கும் நீதியைத் தோலின் நிறம் தீர்மானித்தது.

இந்த மூன்று நிறங்களுக்குள் பெண்ணுக்கு என்ன இடம்? ரெக்ஸ் விழாவில் ஆண்டுதோறும் ஒரு மேட்டுக்குடி இளம்பெண் அரசியாக வருகிறாள். அவளுக்குக் கிடைப்பது முடி. பொன்னிறம் குறிக்கும் அதிகாரம் அல்ல. பெண்கள் கழகமான ‘வீனஸ்’ தன் ஊர்வலத்தை வீதியில் நடத்த 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் 1910களிலேயே கறுப்பினப் பெண்கள் சிலர் குட்டைச் சாட்டின் பாவாடையும் குழந்தைத் தொப்பியும் அணிந்து, ‘பேபி டால்ஸ்’ என்ற பெயரில் தெருவில் ஆடினார்கள். அவர்களில் பாலியல் தொழிலாளர்களும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பொம்மையாகப் பார்க்கப்பட்டவர்கள் பொம்மை வேடத்தையே தங்கள் கொண்டாட்டமாக்கினார்கள். அவர்களுடைய பாவாடையின் நிறங்களுக்குப் பொருள் எழுதி வைக்க எந்தக் கழகமும் முன்வரவில்லை.

1991இல் நகர மன்ற உறுப்பினர் டோரதி மே டெய்லர் என்ற கறுப்பினப் பெண், பாகுபாடு காட்டும் கழகங்களுக்கு ஊர்வல அனுமதி மறுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். பழம்பெரும் கழகங்களில் சில, அதை ஏற்பதைவிட வீதியை விட்டு விலகுவதே மேல் என்று முடிவெடுத்தன. நீதியைத் தங்கள் விழாவின் நிறமாகக் கொண்டாடிய ஊரில், அது சட்டமாக வந்தபோது நடந்தது இது.

இன்று ஊர்வல வண்டிகளிலிருந்து எறியப்படும் மூவண்ண மணிமாலைகளைக் கோத்த சீன ஆலைப் பெண்களை டேவிட் ரெட்மனின் 2005ஆம் ஆண்டு ஆவணப்படம் காட்டுகிறது. விழா முடிந்ததும் மாலைகள் வடிகாலில் சேர்கின்றன. 2018இல் நகர நிர்வாகம் 46 டன் மணிகளை அள்ளியதாகக் கூறியது. நிறங்களின் பொருளைச் சொல்லும் மரபில் அந்தக் கைகளுக்கு இடமில்லை. ஒரு நிறத்துக்கு இதுதான் பொருள் என்று சொல்லப்படும்போது, யார், எப்போது, யாரை விட்டுவிட்டு அதைச் சொன்னார்கள் என்று கேட்பதிலிருந்துதான் நம் வாசிப்பு தொடங்க வேண்டும்.