தரை புதுசு, கோடு பழசு

உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்ப்பேர் வேண்டாம், இது ஒரு ஊர்க் கதையில்லை. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் கோயிலில் திருப்பணி நடந்தது. பழைய சிமெண்டுத் தரையைக் கொத்திப்போட்டுவிட்டு கிரானைட் பதித்தார்கள். பாய் விரித்த இடத்தில் பெஞ்சுகள் வந்தன. சல்லி சுமந்ததும் கலவை போட்டதும் காலனி ஆட்கள். என் அம்மாவும் சித்தாள் வேலைக்குப் போனாள். மந்திரிப்பு அன்று நடுக்கோயிலில் பெஞ்சுகள், அவர்கள். பக்க இறக்கையில் வெறுந்தரை, நாங்கள். அம்மா சொன்னாள்: "ஈரத்தரையில நாந்தாண்டா மொதல்ல நடந்தேன். காஞ்சப்புறம் நடக்க வுடமாட்டங்கறானுவ."

திருப்பணி முடிந்ததும் ஒரு மலர் போட்டார்கள். ஆயரின் ஆசியுரை, பங்குத்தந்தை படம், எத்தனை சதுர அடி, எத்தனை பெஞ்சு, யார் உபயம், எல்லாம் இருந்தது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் இல்லை. இந்த மலர்களை பக்தி இலக்கியம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. சாதியை எழுதாமலே காப்பாற்றுகிற பிரதிகள் இவை.

கோயில் உட்புறம் எப்போதுமே சாதி எழுதப்பட்ட இடம்தான். புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து எழுப்பிய சுவர், அவர்கள் எதிர்த்துக் கேட்டபின் 1745-ல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் இரண்டு சாதிப் பிரிவுக்கு இரண்டு கூடம் வைத்தே கோயில் கட்டினார்கள். 'கால்சட்டைக் கோயில்' என்று அதற்குப் பேர். தடுப்பு 1910-ல் அகற்றப்பட்டது. பழையபடி வேண்டும் என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் போட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் எறையூரைப் பார்க்கட்டும். எங்கள் தாலுகாதான். கோயிலில் தனி இடம், பிணம் போகத் தனிப் பாதை. அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள் தாங்களே எழுப்பிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கச் சொல்லிப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் 2 பேர் செத்தார்கள். ஒரே மாதாவுக்கு செபமாலை சொல்கிறவர்களுக்கு இடையில் இத்தனையும் நடந்தது.

சுவர் இருந்தால் இடிக்கச் சொல்லலாம், வழக்குப் போடலாம். பெஞ்சை என்ன செய்வது? வெறுந்தரையில் கோடு பழக்கத்தில்தான் இருந்தது. கூட்ட நெரிசலில் ஒரு பிள்ளை தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட முடியும். பெஞ்சு வந்ததும் கோடு மரமாகிவிட்டது. முதுகில் 'இன்னார் நினைவாக இன்னார் குடும்பம்' என்று எழுதியதும் அது பட்டாவாகிவிட்டது. "யாரு தடுத்தா? வந்து உக்காருங்களேன்" என்கிறார்கள். பேர் எழுதிய பெஞ்சில் எவன் உட்காருவான்? உட்கார்ந்தபின் பக்கத்து ஆள் எழுந்து போனால் அதற்கு என்ன பேர்?

இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட காகிதம் கொத்தனார் கையில் இருக்கிற வரைபடத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

அதனால் திருப்பணிக்கு வரி கேட்டு வரும்போதே நாம் கேட்க வேண்டும். நடுவில் போடுவது பக்கத்திலும் உண்டா? பெஞ்சில் பேர் எழுதாமல் இருப்பீர்களா? முதலில் வந்தவன் முதலில் உட்காரலாமா? வாசகம் வாசிக்க, பூசைக்கு உதவ எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவீர்களா? எங்கள் பிணமும் அதே தேரில், அதே தெருவில் போகுமா? பதில் வந்தபின் வரி கொடுக்கலாம். வராவிட்டால் கொடுக்க வேண்டாம், சித்தாள் வேலைக்கும் போக வேண்டாம். தரையை அவர்களே தேய்த்துக்கொள்ளட்டும்.