தேன் கருவி: மக்குமா, கரையுமா?

மூளையைப் பின்பற்றும் கணிப்பொறிகளுக்கு இயற்கைப் பொருள்களால் உறுப்புச் செய்யும் முயற்சிகளுள், தேனைக் கொண்டு செய்த கருவி சிறப்பாக ஆராயத்தக்கது. அதனை ‘மக்கும் கருவி’ என்று புகழ்கின்றனர். அப்புகழுரை எவ்வளவு பொருந்தும்?

வழக்கமான கணிப்பொறியில் நினைவகம் ஓரிடம். கணக்கிடும் பகுதி வேறிடம். இரண்டுக்கும் இடையே செய்தி ஓயாது சென்று மீள்வதால் மின்சாரம் வீணாகிறது. மூளையிலோ நரம்பணுக்களின் சந்திப்புகளே நினைவைக் காத்துச் செயலையும் நடத்துகின்றன. ஏறத்தாழ 20 வாட் ஆற்றலே மூளைக்குப் போதும். இவ்வியல்பைத் தரவல்லது மெம்ரிஸ்டர் என்னும் நினைவுத்தடை. முன்பு பாய்ந்த மின்னோட்டத்துக்கு ஏற்பத் தன் தடையளவை மாற்றி, அம்மாற்றத்தை அது மறவாது வைத்திருக்கும். இத்தகைய உறுப்பு இருத்தல் கூடும் என 1971இல் லியோன் சுவா கணித வழியே நிறுவினார்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், தேனைத் திடமாக்கி இரு உலோக மின்முனைகளுக்கு இடையே வைத்தனர். அக்கருவி 100 நானோ நொடியில் இயங்கி 500 நானோ நொடியில் அடங்கியது. நரம்புச் சந்திப்பின் இயல்புகள் சிலவும் அதில் தோன்றின. இது மெய்யான வெற்றியே.

ஆயினும் ‘மக்கும்’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குதல் வேண்டும். மக்குதல் நுண்ணுயிர்களின் செயல். தேனிலோ ஈரம் மிகக் குறைவு. அதனால் நுண்ணுயிர்கள் அதில் வளர்வதில்லை. கெடாமையே தேனை ஆய்வாளர் விரும்பியதற்கும் ஒரு காரணம். கருவியின் பயன் முடிந்தபின் அதனை நீர் கரைக்கிறது. நீர்த்தபின்னரே நுண்ணுயிர்க்கு அது உணவாகும். எனவே முதலில் நிகழ்வது கரைதல்; மக்குதல் அதன் பின்னதே. மின்முனையாகிய உலோகமோ மக்குவதே இல்லை. ஒரு படலத்தின் குணத்தைக் கருவி முழுவதற்கும் ஏற்றிக் கூறுதல் முறையன்று.

மற்றொரு குறையும் உண்டு. அக்கருவியின் அளவு ஒரு தலைமயிரின் பருமன். கோடிக்கணக்கில் இணைத்துப் பயன்படுத்த, அதனை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அது இனிச் செய்யவேண்டிய பணி.

2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. ஆதலால் இம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் ‘மக்கும் கருவி’ என்றால், எறிந்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பிறக்கும்; ‘கரையும் படலக் கருவி’ என்றாலோ, எஞ்சிய உலோகத்தை என்செய்வது என்னும் வினா எழும். அவ்வினாவை எழுப்பும் பெயரே நல்ல கலைச்சொல்.