பழைய பாட்டு எங்கே வரவேண்டும்?

போன ஆண்டு விழாவுக்கு வந்த அன்பர்களுக்கு அந்த இரவு நினைவிருக்கும். வழக்கமான மெல்லிசைக் குழுவுக்குப் பதிலாக, இளைஞர் அணியின் விருப்பப்படி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டி.ஜே. வந்தார். பெரியவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து முதல் அரைமணி முழுக்க அறுபதுகளின் பாட்டுகளாகவே போட்டார். பிள்ளைகள் பாயசக் கப்போடு சுவரோரம் நின்றார்கள். பிறகு ஒரு மணி நேரம் புதுப்பாட்டு, இடைவெளியே இல்லாமல். பெரியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வலியசாலைத் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி வாசலில் சொன்னது: "பந்தியிலே மோரை முதல்லே ஊத்திட்டு, அப்புறமா சாம்பாரும் கூட்டும் கொண்டாந்தா யாருப்பா சாப்பிடுவா?"

அடுத்து நடந்த செயற்குழுவில் இரண்டு கட்சி. இனி பழைய பாட்டே வேண்டாம், பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள் என்றது ஒன்று. இனி டி.ஜே.யே வேண்டாம் என்றது இன்னொன்று. இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். பாட்டி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கோளாறு பாட்டில் இல்லை, பரிமாறிய வரிசையில் இருக்கிறது. வரிசையைப் பற்றி யோசிக்க நம் ஊரை விட நல்ல இடம் கிடைக்காது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கோட்டைக்குள்ளே, பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வருடா வருடம் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவி, குமாரகோவில் வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஊர்வலமாக இங்கே வருகிறார்கள். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை. அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது ஐதீகம். அவள் முன்னிலையில் ஒன்பது நாளும் மாலை 6 மணி முதல் எட்டரை மணி வரை கச்சேரி. கைதட்டல் கிடையாது. பாடுவது சுவாதித் திருநாளின் (1813–1846) உருப்படிகள் மட்டுமே. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. எந்த நாளுக்கு எந்தக் கிருதி பிரதானம் என்பது முன்பே முடிவான ஒன்று. பாடகருக்கு அதில் விருப்பமே கிடையாது.

புதுசு என்பதற்கே இடமில்லாத மேடை இது என்று தோன்றும். ஆனால் பாடகர் அன்று பாடும் தோடி ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் அன்றைக்குப் பிறந்தவை. பாட்டு பழையது, அதைச் சுற்றி வருவதெல்லாம் புதியது. அதனால்தான் வருஷா வருஷம் அதே கிருதியைக் கேட்க ஆட்கள் உட்காருகிறார்கள். அதே சமயம், ஒன்றை மூடிவைத்தால் அது பிழைக்கும், ஆனால் வளராது என்பதையும் இந்த மண்டபம் காட்டுகிறது. ஒரு பெண்மணி அங்கே பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பாறசாலை பி. பொன்னம்மாள் பாடினார். கிருதியும் மாறவில்லை, ராகமும் மாறவில்லை. வானமும் இடிந்து விழவில்லை!

இனி, 'பழைய பாட்டு' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். நவராத்திரிக் கிருதிகள் முல்லமூடு பாகவதர்கள் வழியாகப் பாடாந்தரம் அறுபடாமல் வந்தவை. சுவாதித் திருநாளின் மற்றப் பாடல்கள் பலவற்றுக்கு சாகித்தியம் இருந்தது, மெட்டு மறைந்துபோயிருந்தது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் இங்கே இருந்துதான் அவற்றைத் தேடித் தொகுத்து, மெட்டில்லாதவற்றுக்கு மெட்டமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார்கள். ஒருவர் திருநெல்வேலிச் சீமை, மற்றவர் தஞ்சாவூர். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் சங்கீதப் பள்ளி, இன்றைய கல்லூரி, அந்த வேலைக்குக் களமாக இருந்தது.

ராமாயணத்தை முழுக்கச் சொல்லும் 'பாவயாமி ரகுராமம்' எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது முதலில் சாவேரி ராகம் ஒன்றில் மட்டும் இருந்தது. பல்லவியையும் அனுபல்லவியையும் மட்டும் சாவேரியில் விட்டுவிட்டு, பாலகாண்டத்துக்கு நாட்டைக்குறிஞ்சி, அயோத்தியா காண்டத்துக்கு தன்யாசி, பிறகு மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, கடைசியில் மத்தியமாவதி என்று ராகமாலிகையாக்கியவர் செம்மங்குடி. எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடி வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். நம்ம வீட்டுப் பெரியவர்கள் 'ராஜா காலத்துப் பாட்டு' என்று கண்ணை மூடிக் கேட்கும் அந்த வடிவம், இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் செய்த மறுவார்ப்பு. இன்றைய பிள்ளைகள் பாஷையில் சொன்னால் ரீமிக்ஸ். (இதைச் சொன்னதற்காக என்னைக் கல்லெறிய வேண்டாம்.)

எல்லா ரீமிக்ஸும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படகோட்டி (1964) படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி போட்ட ஒரு காதல் பாட்டை நியூ (2004) படத்தில் ஏ.ஆர். ரகுமான் திரும்பச் செய்தார். சொர்க்கம் (1970) படப் பாட்டு அழகிய தமிழ்மகனில் (2007) வந்தது. அதே ஆண்டு பில்லாவில் பழைய பில்லாவின் (1980) பாட்டு. முதலாவதில் பாட்டின் உருவம் நிற்கிறது, ஆகவே பழைய பாட்டைத் தேடிப் போகத் தோன்றுகிறது. மற்ற சிலவற்றில் பல்லவி ஒரு அடையாள அட்டை மாதிரித்தான் வருகிறது, மீதியெல்லாம் தாளச் சத்தம். செம்மங்குடி ராகம் மாற்றியபோது ஒவ்வொரு காண்டத்துக்கும் ஒரு காரணம் தெரிகிறது: சீதையைத் தேடித் தவிக்கும் இடத்துக்கு முகாரி, பட்டாபிஷேகத்துக்கு மத்தியமாவதி. காரணம் சொல்ல முடிந்தால் மறுவார்ப்பு, முடியாவிட்டால் வெறும் வியாபாரம். என் அளவுகோல் இவ்வளவுதான்.

சரி, வரிசைக்கு வருவோம். இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்தியது என்பார்கள். அதற்கு முந்தைய கச்சேரிகளில் ஒரு ராகமும் பல்லவியுமே மணிக்கணக்காக ஓடும். அவர் செய்தது என்ன? வர்ணத்தோடு தொடங்கினார். மத்திம காலத்தில் விறுவிறுவென்று சில கிருதிகள். சபை சூடுபிடித்த பிறகு கனமான உருப்படி. அது முடிந்து, தனி ஆவர்த்தனமும் முடிந்து, ஜனங்கள் மூச்சுவிடும் நேரத்தில் துக்கடாக்கள்: ஜாவளி, திருப்புகழ், தாமே மெட்டமைத்த திருப்பாவை. இதில் கவனிக்க வேண்டியது, பழசு ஒரு மூட்டை, புதுசு ஒரு மூட்டை என்று அவர் கட்டவில்லை. வர்ணமும் பழசு, பிரதானமும் பழசு. திருப்பாவை பாசுரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழசு, மெட்டோ புத்தம் புதுசு. வயதைப் பார்த்து அடுக்கவில்லை, வேகத்தையும் கனத்தையும் பார்த்து அடுக்கினார்.

நம் டி.ஜே. தவறியது இங்கேதான். அவர் வருஷத்தைப் பார்த்து அடுக்கினார்.

அவரைக் குறை சொல்வதற்கு முன் அவர் தொழிலின் கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். விழா முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தம்பியிடம் கேட்டேன், ஏன் கலந்து போடவில்லை என்று. "சார், பழைய பாட்டு பீட்டுல ஒட்டாது" என்றார். உண்மைதான். டி.ஜே. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டைக் காதுக்கருவியில் கேட்டு, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தி, ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலையை வைக்கிறார். இப்போதைய பாட்டு கணினித் தாளத்தில் பதிவானது, நிமிஷத்துக்கு இத்தனை அடி என்பது கடைசி வரை மாறாது. 1960-களின் பாட்டு, நாற்பது ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தது. சரணத்தில் கொஞ்சம் ஓடும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் நிதானிக்கும். அந்த மூச்சுதான் அதன் அழகு, ஆனால் அதுவே இயந்திரத்துக்கு இடைஞ்சல். இன்னொன்று நடை. நம் குத்துப்பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை, தகிட தகிட என்று போகும். மேல்நாட்டு கிளப் பாட்டு சதுஸ்ரம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று தாவினால் ஆடுகிறவர்களுக்குக் கால் தடுமாறும். எம்.எஸ்.வி.யின் திஸ்ர நடைப் பாட்டு ஒன்றையும் இன்றைய குத்தையும் அடுத்தடுத்து வைத்தால் தடுமாறாது. நாற்பது வருஷ வித்தியாசம் காலுக்குத் தெரியாது. மிருதங்கம் படிக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேரை அந்தத் தம்பி பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் அரைமணியில் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இதை உலகம் முன்பே கண்டுபிடித்துவிட்டது. 1977 முதல் 1982 வரை சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' கிளப்பில் பாட்டு போட்ட ஃபிராங்கி நக்கிள்ஸ், காலம் முடிந்துவிட்டதாகப் பலர் சொன்ன டிஸ்கோ பாட்டுகளை விடவில்லை. 1979-இல் அதே ஊர் விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். அவரோ அந்தப் பழைய பாட்டுகளை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார், பிறகு தாள இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆடவந்தவர்களுக்குப் பழசு எங்கே முடிந்து புதுசு எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. 'ஹவுஸ்' என்ற இசைக்கு அந்தக் கிளப்பின் பெயர்தான் வந்தது என்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். பாபநாசம் சிவன் சின்ன வயதில் வந்து வளர்ந்த ஊர் இது. இங்கே மகாராஜாவின் சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தார். நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்கள் பஜனைகளில் ஒலித்துக்கொண்டிருந்த காலம், அந்தப் பாட்டுகள் அவர் காதில் விழுந்து ஊறின. பிறகு அவரே பாட்டுக் கட்டினார். கபாலீசுவரர் மேல் எழுதியது கச்சேரி மேடையில், ஹரிதாஸ் (1944) படத்துக்கு எழுதியது எம்.கே. தியாகராஜ பாகவதர் குரலில் தெருவெல்லாம். பாடகர்கள் அவரை முதலில் பாடியபோது அவை நேற்றைய பாட்டுகள். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வந்தால் போதுமா, பிரதானமாக வரக்கூடாதா என்று தமிழிசை இயக்கம் 1941-இல் கேட்டதும் இடத்தைப் பற்றிய கேள்விதான். கேட்டவர்கள் தியாகையரை நிறுத்தச் சொல்லவில்லை. தமிழுக்கும் நடுவில் இலை போடச் சொன்னார்கள்.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும் பேசி, வீட்டில் மட்டும் தமிழ் கேட்கிறவர்கள். பலருக்குத் தமிழ் வரி ஒன்று வாய்க்கு வருவதே சினிமாப் பாட்டு வழியாகத்தான். பழைய பாட்டை அடியோடு நிறுத்திவிட்டால், தாத்தா பாட்டியும் பேரனும் ஒரே நேரத்தில் முணுமுணுக்க எதுவும் மிஞ்சாது. டி.ஜே.யை நிறுத்தினாலோ பேரன் விழாவுக்கே வரமாட்டான்.

ஆகவே செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை என்பதால் நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். வர்ணம் மாதிரி வேகமான பழைய பாட்டு ஒன்று, ஒன்றே ஒன்று, தொடக்கத்தில். உடனே இன்றைய பாட்டுகள், அதே நடையில். ஒவ்வொரு நாலு பாட்டுக்கும் நடுவே எம்.எஸ்.வி.யோ இளையராஜாவோ, முழுப்பாட்டாக, பல்லவியை மட்டும் வெட்டி அல்ல. ஒன்பது மணி வாக்கில் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, எல்லா வயதுக்காரர்களும் சேர்ந்து பாடக்கூடிய ஒரு பாட்டு, பிரதானமாக, இரண்டு தரம் போட்டாலும் பாதகமில்லை. கடைசி இருபது நிமிஷம் துக்கடா நேரம். அப்போது மெதுவான பழைய பாட்டுகள், உட்கார்ந்து கேட்க.

அதே தம்பியைத்தான் இந்த வருஷமும் அழைத்திருக்கிறோம். திட்டத்தை வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "சார், நேயர் விருப்பச் சீட்டு வாங்கலாமா?" துக்கடா நேரத்துக்கு மட்டும் வாங்கலாம் என்றேன். வலியசாலைப் பாட்டி இப்போதே ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பாட்டு. ஒன்று ஹரிதாஸ், இன்னொன்று பேரன் சொல்லிக் கொடுத்ததாம்.